தேதி போடாத புரோநோட்டு

பி.காம். படிக்கிற ஆளுக்கு நர்ஸ் வேலையைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, ஒரு நர்ஸ். அரசு வேலைக்காக அவள் பரீட்சை எழுதுவதும், பட்டியல் வந்ததா என்று பார்ப்பதும், மறுபடி எழுதுவதுமாக இருப்பதைப் பல வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க, இது மருத்துவத் துறை விஷயம் என்பதைவிட எங்கள் காமர்ஸ் பாடத்து விஷயம் மாதிரிதான் தெரிகிறது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், தெரியாதவர்களுக்காக இந்தப் பாதை எப்படி இருக்கும் என்று சுருக்கமாக.

பிளஸ் டூ முடித்து, டிப்ளமோ நர்சிங் 3 வருடம் அல்லது பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். அதற்குப் பிறகு தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு. பதிவு எண் கைக்கு வந்தால்தான் நீங்கள் சட்டப்படி நர்ஸ். அடுத்தது அறிவிப்புக்காகக் காத்திருப்பது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். எல்லோரும் எம்.ஆர்.பி. என்றுதான் சொல்வார்கள். 2012இல் தொடங்கியது. எழுத்துத் தேர்வு, மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் சரிபார்ப்பு, இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப்படி தேர்வுப் பட்டியல், கலந்தாய்வில் ஊர் தேர்ந்தெடுப்பது. நேர்முகத் தேர்வு கிடையாது. அதனால் "யாரைத் தெரியும், எவ்வளவு கொடுக்கணும்" என்ற பேச்சுக்கு இடம் குறைவு. இந்த ஒரு விஷயத்துக்காக வாரியத்தைப் பாராட்டியே ஆக வேண்டும்.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தப் பதிவே தேவையில்லை. பிரச்சினை பரீட்சைக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

2015 ஜூன் மாதம் 7,243 நர்ஸ் பணியிடங்களுக்கு எம்.ஆர்.பி. தேர்வு நடத்தியது. பல்லாயிரம் பேர் எழுதினார்கள். தேர்வானவர்களுக்குக் கிடைத்தது நிரந்தர வேலை அல்ல. ஒப்பந்த முறை, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடம் இப்படி வேலை பார்த்தால் அப்புறம் காலமுறை ஊதியம், அதாவது வழக்கமான அரசு ஊழியர் சம்பளம் என்பதுதான் அவர்கள் நம்பி வந்த கணக்கு. இரண்டு வருடம் முடிந்தது. எல்லோருக்கும் அது வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் உட்கார்ந்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் போராட்டம் நின்றது. அதன் பிறகு தொகுப்பூதியம் 14,000 ஆனது, 2022இல் 18,000 ஆனது. "நிரந்தரம் எப்போது?" என்ற கேள்விக்கு மட்டும் ஒரே பதில்: காலியிடம் வரும்போது.

அடுத்து கொரோனா. 2019இல் தேர்வு எழுதியவர்களில் இருந்து 2020இல் ஆறு மாத ஒப்பந்தத்தில் நர்ஸ்களைக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் நாமெல்லாம் மாடியில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தோம். அவர்கள் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு வார்டில் இருந்தார்கள். ஒப்பந்தம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. கடைசியில் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு சுமார் 2,400 பேருக்கு வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அவசர காலத்தில் இட ஒதுக்கீட்டு முறையைப் பின்பற்றாமல் எடுத்தது, அதனால் அப்படியே தொடர முடியாது என்று அரசு காரணம் சொன்னது. மாவட்ட நலவாழ்வு சங்கங்கள் மூலம் 18,000 ரூபாயில் மாற்று வேலை தருவதாகவும் சொன்னது. இட ஒதுக்கீடு முக்கியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எடுக்கும்போது அதைப் பார்க்க வேண்டியது யார் பொறுப்பு? வார்டில் நின்ற பெண்ணா?

சரி, இப்போது என் பாடத்துக்கு வருகிறேன்.

பி.காம். வணிகச் சட்டத் தாளில் 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்று ஒன்று வரும். நம்மில் பாதிப் பேர் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் படிக்கிற சட்டம் :-) அதில் புரோநோட்டு பற்றி இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, புரோநோட்டில் இருக்கிற வாக்குறுதி நிபந்தனை இல்லாததாக இருக்க வேண்டும். "என் தம்பிக்கு வேலை கிடைத்தால் தருகிறேன்" என்று எழுதினால் அது புரோநோட்டே அல்ல. இரண்டு, எப்போது பணம் தர வேண்டும் என்று தேதி குறிப்பிடாவிட்டால் அது கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டு.

இந்த இரண்டையும் ஒப்பந்த நர்ஸின் பணி ஆணைக்குப் பொருத்திப் பாருங்கள். "காலியிடம் வந்தால் நிரந்தரம்" என்பது நிபந்தனை. அப்படியானால் அது வாக்குறுதியே இல்லை, சும்மா ஆறுதல். இல்லை, அது வாக்குறுதிதான், தேதி மட்டும்தான் போடவில்லை என்றால், கேட்டவுடன் தர வேண்டியது. ஆனால் கேட்டால் என்ன நடக்கிறது? 2017இல் கேட்டார்கள், 2023 ஜனவரியில் கேட்டார்கள், 2025 டிசம்பரிலும் சென்னையில் கேட்டார்கள். கேட்டவர்களை போலீஸ் பஸ்ஸில் ஏற்றுகிறது. ஒரு தனி ஆள் இப்படி நோட்டு எழுதிக் கொடுத்து ஏமாற்றினால் நாம் என்ன பெயர் வைப்போம்?

"அரசாங்கம் பாவம்ங்க, எல்லோரையும் நிரந்தரமாக்கினால் கஜானா என்னாவது" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியையும் ஒதுக்க முடியாது. சம்பளமும் ஓய்வூதியமும் எந்த மாநில பட்ஜெட்டிலும் பெரிய செலவுதான். ஆனால் கணக்குப் பதிவியலில் செலவை மறைப்பதும் செலவைக் குறைப்பதும் ஒன்றல்ல. பிரசவ வார்டு வருடம் 365 நாளும் நடக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அந்த மருத்துவமனைகளின் கட்டடம் தற்காலிகம் அல்ல, நோயாளி தற்காலிகம் அல்ல, வேலையும் தற்காலிகம் அல்ல. நர்ஸ் மட்டும் எப்படித் தற்காலிகம்? நிரந்தரத் தேவைக்குத் தற்காலிக ஆள் என்றால், மீதிச் செலவை யாரோ ஒருவர் தன் பையிலிருந்து கட்டுகிறார் என்றுதான் அர்த்தம்.

அந்த ஒருவர் எவ்வளவு கட்டுகிறார் என்று போட்டுப் பார்க்கலாம். காலமுறை ஊதியம் படிகளோடு சேர்த்தால் 18,000 ரூபாயைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. வித்தியாசம் மாதம் குறைந்தது 18,000 என்று வைத்தால் வருடத்துக்கு 2,16,000. ஐந்து வருடம் காத்திருந்தால் 10,80,000 ரூபாய். வருடாந்திர ஊதிய உயர்வை இதில் நான் சேர்க்கவே இல்லை. நர்சிங் படிக்க வைக்க நகையை அடகு வைத்த குடும்பங்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. மகப்பேறு விடுப்புக்குக்கூட ஒப்பந்த நர்ஸ்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பிரசவம் பார்க்கிறவர்களுக்கே இந்த நிலைமை!

தமிழ்நாடு மட்டும்தான் மோசமா என்றால் அப்படியும் இல்லை, வேறு பாதைகளிலும் முள் உண்டு. ஆனால் அங்கே தேதி இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020 முதல் நார்செட் என்று பொதுத் தேர்வு நடக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை, 2023 முதல் முதனிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். 80 சதவீத இடம் பெண்களுக்கு. கட்டணம் பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 3,000 ரூபாய், அது வலிக்கிறது. வயது வரம்பு 30, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கேரளாவில் பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்ட் போட்டால் அதற்கு ஆயுள் உண்டு, அதிகபட்சம் மூன்று வருடம். அதற்குள் கூப்பிடாவிட்டால் இந்தப் பட்டியலில் இனி இல்லை என்று தெரிந்துவிடும். கசப்பான பதில்தான். ஆனாலும் பதில். அடுத்த வேலையைப் பார்க்கலாம், வெளிநாட்டுக்கு முயற்சி செய்யலாம், கல்யாணத்தை முடிவு செய்யலாம். பதிலே வராமல் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

இந்தப் பாதையில் இப்போது நடந்துகொண்டிருக்கும் தோழிகளுக்கு, அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

1. சாதிச் சான்றிதழ், கவுன்சில் பதிவு, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அறிவிப்பு வருவதற்கு முன்பே பாருங்கள். சரிபார்ப்பு நாளில் தாலுகா ஆபீஸுக்கு ஓட முடியாது.

2. அசல் சான்றிதழை எந்த மருத்துவமனையிலும் கொடுத்துவிடாதீர்கள். அக்கா முதலில் வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் அசலை வாங்கி வைத்துக்கொண்டு, சரிபார்ப்புக்குப் போக வேண்டிய நேரத்தில் "நாளைக்கு வாம்மா" என்று நான்கு நாள் அலையவிட்டார்கள். பெரியப்பா போய் சத்தம் போட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.

3. அனுபவச் சான்றிதழை வேலையை விடும் அன்றே வாங்கிவிடுங்கள், படுக்கை எண்ணிக்கையோடு. டிப்ளமோ படித்தவர்கள் நார்செட் எழுத 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும்.

4. தமிழை அலட்சியம் செய்ய வேண்டாம். 2021 டிசம்பர் அரசாணைப்படி தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

5. தபால் வரும் என்று காத்திருக்காதீர்கள். இணையதளத்தை நீங்களேதான் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் கொடுத்த மொபைல் எண்ணையும் மாற்றாதீர்கள்.

6. ஒரே பட்டியலை நம்பி உட்கார வேண்டாம். ரயில்வேயும் நர்ஸ்களை எடுக்கிறது. கட்டணம் 500, முதல் கட்டத் தேர்வை எழுதினால் 400 திரும்ப வரும்.

இதெல்லாம் தனி ஆள் சமாளிக்கிற வழி. வழியைச் சரி செய்ய வேண்டியவர்கள் வேறு. நான் கேட்பது எல்லோரையும் நாளைக்கே நிரந்தரமாக்குங்கள் என்பதல்ல. மூன்றே மூன்று. பணி ஆணையிலேயே ஒரு கடைசித் தேதி போடுங்கள்: இத்தனை வருடத்துக்குள் காலமுறை ஊதியம், இல்லையென்றால் அந்த நாளில் இருந்து சம வேலைக்குச் சம சம்பளம். ஒப்பந்த நர்ஸ்களின் முன்னுரிமைப் பட்டியலையும், எந்த மருத்துவமனையில் எத்தனை நிரந்தரக் காலியிடம் என்பதையும் மாதாமாதம் வெளியிடுங்கள். வரிசையில் தன் இடம் எது என்று தெரிந்தவர் காத்திருப்பார். டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுத் திட்ட அட்டவணை போடுவதுபோல நர்ஸ் தேர்வுக்கும் தவறாமல் போடுங்கள், போட்டபடி நடத்துங்கள். இதில் முதலாவதுக்குப் பணம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் ஒரு கம்ப்யூட்டரும் கொஞ்சம் மனசும் போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் வருட அறிக்கை, 2023 கணக்குப்படி உலகத்தில் 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை என்கிறது. ஆக, நம் ஊர்ப் பெண்களுக்கு வேறு இடத்தில் கேட்பார் உண்டு. அவர்கள் விமானம் ஏறிய பிறகு "நம்ம ஜி.எச்.ல நர்ஸே இல்லப்பா" என்று புலம்பிப் பிரயோஜனம் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிக் காத்திருக்கிறவர்கள் இருந்தால் எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கலாம். கூட்டல்தானே, அது எங்களுக்கு வரும்.