அலைகரையில் நிற்கும் நெல்: திருகோணமலை மாவட்டத்தின் காட்டுப் பயிரினங்கள் பற்றி எமது நிலைப்பாடு

திருகோணமலை மாவட்டத்தில் எமது பயிர்களின் காட்டு உறவுகள் எங்கே வளர்கின்றனவோ அங்கேயே அவை காக்கப்பட வேண்டும். அந்த நிலத்தையும் நீரையும் பயன்படுத்துகிற ஊரவரின் சம்மதத்தோடும் பொறுப்போடும் அது நடக்க வேண்டும். விதையை எடுத்துக் குளிரறையில் வைப்பது தேவையான வேலைதான், ஆனால் அது மட்டும் போதாது. வேலி போட்டு, பலகை நட்டு, மக்களை வெளியே நிறுத்துவது பாதுகாப்பே அல்ல. இந்த மாவட்டத்தில் அது செடிக்கும் கெடுதி, ஊருக்கும் கெடுதி. கமக்காரரோடும் குளங்களோடும் வேலை செய்கிற அமைப்பு என்ற முறையில் இதை எமது நிலைப்பாடாக அறிவிக்கிறோம்.

காட்டு உறவு என்று நாம் சொல்வது எவற்றை? முதலாவது நெல். இலங்கையில் ஐந்து வகைக் காட்டு நெற்கள் இயற்கையாக வளர்கின்றன: ஒரைசா நிவாரா, ஒரைசா ரூபிபோகன், ஒரைசா ஐக்கிங்கேரி, ஒரைசா கிரானுலாட்டா, ஒரைசா றைசோமாட்டிஸ். கடைசியாகச் சொன்னது இலங்கைக்கு மட்டுமே உரியது. நெல் ஆய்வாளர் டங்கன் வோகன் 1990இல் அதற்குப் பெயரிட்டார். உலர் வலயத்தில் வளரும் அந்த நெல், கோடையில் மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்குத் தண்டில் உயிர் வைத்திருந்து மழைக்குத் திரும்பத் துளிர்க்கிறது. நிவாராவுக்கு அந்த வசதி இல்லை. மாரியில் முளைத்து, குளம் வற்றத் தொடங்கும்போது கதிர் தள்ளி, முற்றியவுடன் மணியை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். அறுவடைக்கு நிற்காத அந்த நெல்லைக் குளத்து நீர் ஏறி இறங்கும் அலைகரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மழைநீர் தேங்கும் பள்ளங்களிலும் காணலாம். உலர் வலயத்துக் கமக்காரர் எவரிடமும் கேளுங்கள், அதைக் களை என்றுதான் சொல்வார்.

அந்தக் களைதான் ஒருமுறை ஆசியாவின் சோற்றுப்பானையைக் காத்தது. 1970களில் புல்குட்டை வைரசு என்ற நெல் நோய், கபிலநிறத் தத்திப் பூச்சி மூலம் பரவித் தென்கிழக்காசியாவின் வயல்களை அழித்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன்னிடமிருந்த 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. தாங்கி நின்றது ஒன்றே ஒன்று: இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட நிவாரா. அதிலும் சில செடிகளில் மட்டுமே எதிர்ப்புத் திறன் இருந்தது. அந்தச் செடிகளின் குணத்தை உள்வாங்கி 1976இல் வெளிவந்த ஐஆர் 36, அடுத்த பத்தாண்டில் உலகில் மிக அதிகமாகப் பயிரிடப்பட்ட நெல்லினங்களில் ஒன்றாகியது. ஒரே இனத்தின் எல்லாச் செடிகளிலும் அந்தக் குணம் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு குளத்தில் ஒரு பிடி விதை எடுத்துவிட்டோம், இனி அந்தக் குளம் போனாலும் பரவாயில்லை என்று எவரும் சொல்ல முடியாதிருப்பது இதனால்தான். ஒவ்வொரு குளத்து நெல்லும் தன் மண்ணின் உப்பையும் தன் கோடையின் நீளத்தையும் தாங்கப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம் ஆண்டுதோறும் தொடர்கிறது. குளிரறையில் வைத்த விதை, வைத்த நாளிலேயே நின்றுவிடுகிறது.

நெல்லோடு கதை முடியவில்லை. தோட்டத்துக் கத்தரி பிறந்ததே முள்ளுள்ள காட்டுக் கத்தரியிலிருந்துதான். வேலியில் படரும் தூதுவளையும் அதே பேரினம். சளிக்கு ரசம் வைக்கிற முசுமுசுக்கையைத் தாவரவியலாளர் இப்போது வெள்ளரியின் பேரினத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். கடற்கரை மணலில், உப்புக் காற்றில், எவரும் நீர் ஊற்றாமல் மஞ்சள் பூப்பூக்கும் கடற்பயறு, எமது பயறுக்கும் உளுந்துக்கும் கௌபிக்கும் சொந்தம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உப்பேறிய தோட்டங்களைப் பார்த்து நின்றவர்களுக்கு அந்தக் கொடியின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. பாலை மரம் சப்போட்டாவின் பேரினம். இந்தியாவில் சப்போட்டாவை ஒட்டுவதற்குப் பாலைக் கன்றையே அடிக்கட்டையாக வைக்கிறார்கள். இந்தத் துறைமுகத்தின் பெயரையே உலகச் சந்தைக்குக் கொண்டுபோன மரமும் உண்டு. சமண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேய வணிகர் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கு அது இங்கிருந்து போனது.

சட்டமும் ஒப்பந்தமும் இல்லாமல் இல்லை. உயிர்ப் பல்வகைமைச் சமவாயத்தை இலங்கை 1994இல் ஏற்றது. உணவுக்கும் வேளாண்மைக்குமான தாவர மரபு வளங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் 2013இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரை, பயிர்களின் காட்டு உறவுகளை அவை வளரும் இடத்திலேயே, உள்ளூர்ச் சமூகங்களின் முயற்சிக்குத் துணை நின்று காக்கும்படி சொல்கிறது. இவ்விரண்டும் அரசு ஒப்புக்கொண்ட கடமைகள்.

வேலையும் ஒருமுறை தொடங்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் உலகச் சுற்றாடல் நிதியமும் துணைநிற்க, 2004 முதல் 2010 வரை ஐந்து நாடுகளில் காட்டுறவுப் பாதுகாப்புத் திட்டம் நடந்தது. ஆர்மேனியா, பொலிவியா, மடகஸ்கார், உஸ்பெகிஸ்தான் ஆகியவற்றோடு இலங்கையும் அதிலிருந்தது. இங்கே நெல், பயறு வகை, மிளகு, கறுவா, வாழை என்று ஐந்து கூட்டங்கள் தெரிவாயின. தகவல் திரட்டப்பட்டது, பலர் பயிற்சி பெற்றார்கள். ஆனால் காட்டிலேயே பாதுகாக்கும் முகாமைத் திட்டம் என்று எழுதப்பட்டது ஈர வலயத்தில், காலி மாவட்டத்தின் கன்னெலிய வனத்தில், ஒரு காட்டுக் கறுவாவுக்கு. அந்த வேலையை நாம் மதிக்கிறோம். அதே அக்கறை உலர் வலயத்தின் குளக்கரைக்கு வரவில்லை என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். கறுவாவுக்கு மழைக்காடு இருக்கிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. காட்டு நெல்லுக்கு இருப்பதோ மாடு மிதித்த சேறு.

மாவட்டத்தின் வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட இடங்கள் குறைவல்ல. துறைமுகத்தைச் சூழ்ந்த நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயம் 1963இல் பிரகடனமானது. அதன் பரப்பு ஏறத்தாழ 18,130 ஹெக்டேயர். சோபர் தீவுகள், புறாத்தீவு, சேருவில–அல்லைச் சரணாலயம், தெற்கே மகாவலி வெள்ளச் சமவெளியோடு சோமாவதிய தேசியப் பூங்கா. இவை பறவைக்காகவும் யானைக்காகவும் பவளப் பாறைக்காகவும் காட்டுக்காகவும் ஒதுக்கப்பட்டவை. ஒரு பயிரின் காட்டு உறவைக் கருதி ஒதுக்கப்பட்ட ஒரு துண்டு நிலமும் இந்த மாவட்டத்தில் இல்லை. ஆர்மேனியாவில், தலைநகர் யெரெவானின் விளிம்பிலேயே, காட்டுக் கோதுமைக்கென்று எரெபூனி ஒதுக்ககம் 1981 முதல் இருக்கிறது. அதன் பரப்பு 89 ஹெக்டேயர்தான். சிறியதாக இருந்தாலும் எதற்காக இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும்.

அப்படியானால் குளக்கரைகளையும் வர்த்தமானியில் போட்டு வனத்திணைக்களத்திடமோ வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ ஒப்படைத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கு எமது உறுதியான பதில், கூடாது என்பதே. காரணங்கள் இரண்டு.

முதலாவது செடியின் தன்மை. நிவாரா ஆண்டுதோறும் விதையிலிருந்து முளைக்க வேண்டும். முளைக்க வெறும் சேறும் வெயிலும் வேண்டும். எருமை மிதிக்காத, மாடு மேயாத, நீர் ஏறி இறங்காத அலைகரையை உயர்ந்த புல்லும் புதரும் மூடிவிடும். கதிர் முற்றுமுன் மந்தை முழுவதையும் அவிழ்த்துவிட்டாலும் கெடுதிதான். ஆகவே மேய்ச்சலை நிறுத்துவதா இல்லையா என்பது கேள்வியல்ல, எந்த மாதத்தில் எங்கே என்பதே கேள்வி. அதை அறிந்தவர் அந்தக் குளத்து ஊரவர். மெக்சிகோவில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். சோளத்தின் பல்லாண்டுக் காட்டு உறவு ஒன்று அங்கே 1970களின் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்டு, அதற்காகவே 1987இல் சியர்ரா தெ மனன்ட்லான் உயிர்க்கோள ஒதுக்ககம் அமைக்கப்பட்டது. அந்தச் செடி நிலைத்திருந்ததோ குடியானவர் கிளறி, மேய்த்து, விட்டுவிட்ட நிலங்களில். மனிதக் கை முற்றாக விலகிய இடங்களில் காடு மூடி, செடி பின்வாங்கியது.

இரண்டாவது இந்த மாவட்டத்தின் வரலாறு. 2006இல் போரினால் சம்பூரிலிருந்து ஓடியவர்கள், தங்கள் காணி உயர் பாதுகாப்பு வலயமாகவும் பின்னர் முதலீட்டு வலயமாகவும் ஆனதைப் பார்த்தவர்கள். 2015க்குப் பிறகே படிப்படியாகத் திரும்ப முடிந்தது. தமிழரோ முஸ்லிம்களோ சிங்களவரோ, போரில் விட்டுப்போன வயலுக்குத் திரும்பி வந்து அங்கே எல்லைக் கல்லைக் கண்ட குடும்பங்கள் எல்லாப் பக்கமும் இருக்கின்றன. பாதுகாப்பு என்ற சொல் இங்கே இழப்பின் சொல்லாகிவிட்டது. காட்டு நெல்லின் பெயரால் ஒரு குடும்பத்தின் காணியும் போகக் கூடாது. அப்படிப் போனால் அடுத்த வாரமே அந்த நெல்லைப் பிடுங்கி எறிவார்கள். அவர்களைக் குறை சொல்ல எமக்கு வாய் இராது.

இதற்கு எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. எஞ்சிய அரச காடுகளின் பொறுப்பை வனத்திணைக்களத்திடமிருந்து எடுத்து மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் கொடுக்க 2020 நவம்பரில் சுற்றறிக்கை வந்தது. அதை எதிர்த்து வழக்குகளும் போடப்பட்டன. ஏழைக் கமக்காரருக்குக் காணி என்று சொல்லப்பட்டது. பெரிய நிறுவனங்களுக்கும் அதே கதவு திறக்கும் என்பதே எமது கவலை. காட்டு உறவுகள் மிகுதியாக இருப்பது இத்தகைய பெயரில்லாத சிறு காடுகளிலும் பற்றைகளிலும்தான். எந்தக் கையில் அதிகாரம் இருந்தாலும், அங்கே என்ன வளர்கிறது என்று பார்க்காமல் ஒரு துண்டும் கைமாறக் கூடாது.

நாம் கேட்பது ஊரோடு எழுதும் உடன்பாடு. கமக்காரர் அமைப்பும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கன்னொறுவையிலுள்ள தாவர மரபு வள நிலையமும் கையொப்பமிட வேண்டும். குளத்தின் ஒரு பகுதி அலைகரை அடையாளப்படுத்தப்பட்டு, மேய்ச்சல் மாதங்கள் பேசி முடிவாக வேண்டும். மீன்பிடியும் விறகும் கீரையும் வழமைபோல் தொடர வேண்டும். கண்காணிக்கும் ஊரவருக்குக் கூலி கொடுக்கப்பட வேண்டும்.

கமக்காரரின் ஒரு பயம் நியாயமானது. காட்டு நெல்லும் வயல் நெல்லும் கலந்தால் களைநெல் உண்டாகும். 1990களில் அம்பாறைப் பக்கம் தலைகாட்டிய களைநெல் இன்று பல மாவட்டங்களில் விளைச்சலைத் தின்கிறது. கலப்பு இருபக்கமும் கெடுக்கிறது, காட்டு நெல்லின் குணமும் அதில் கரைந்துபோகும். ஆகவே வயலை ஒட்டிய வாய்க்காலில் காட்டு நெல்லை வளரவிடுங்கள் என்று எவரையும் நாம் கேட்கவில்லை. மொறவெவ, கோமரங்கடவல, குச்சவெளிப் பக்கங்களில் காட்டுக்குள் கைவிடப்பட்ட பழைய குளங்கள் இருக்கின்றன. வயலிலிருந்து விலகிய அவற்றிலேயே முதலில் தேட வேண்டும்.

குளப் புனரமைப்பைப் பற்றிக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளங்கள் திருத்தப்பட வேண்டும், அதில் எமக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் கட்டு உயர்கிறது, துருசு மாறுகிறது, பிறகு பெக்கோ இயந்திரம் இறங்கி அலைகரை முழுவதையும் ஒரே மட்டமாக வழித்துவிடுகிறது. மண்ணுக்குள் கிடந்த விதையெல்லாம் லொறியில் ஏறிப் போகிறது. உலர் வலயத்தின் தொடர்குள முறையை உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண்மை மரபாக ஏற்றது. அந்தப் பெருமையில் குளத்தின் மேற்கரைப் புல்லுக்கும் பங்குண்டு. ஒவ்வொரு புனரமைப்பு ஒப்பந்தத்திலும் அலைகரையின் ஒரு பகுதி தோண்டப்படாமல் விடப்பட வேண்டும் என்ற ஒரு வரி சேர வேண்டும். அதற்குச் செலவே இல்லை.

துறைமுகப் பக்கத்திலும் காலம் நெருங்குகிறது. சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களைச் சுற்றிப் பல பத்தாண்டுகளாகக் காடு எழுந்திருக்கிறது. 2022 ஜனவரி உடன்பாட்டின்படி அவற்றில் 61 குதங்கள் கூட்டு நிறுவனமொன்றின் அபிவிருத்திக்குப் போகின்றன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. சம்பூரில் சூரிய மின் நிலையமும் வருகிறது. வேலை வரட்டும். சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டில் யானையும் பறவையும் எண்ணப்படுவதுபோல் பயிர்களின் காட்டு உறவுகளும் பெயர் சொல்லி எண்ணப்பட வேண்டும். துப்புரவாக்கும் முன் விதை சேகரிக்கப்பட வேண்டும். அந்த வேலையைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக மாணவர்கள் செய்யலாம். அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

சேகரித்த விதை கன்னொறுவைக்குப் போவதை நாம் வரவேற்கிறோம். எந்தக் குளத்திலிருந்து, எந்த ஊரின் சம்மதத்தோடு வந்தது என்ற பதிவும் கூடவே போக வேண்டும். அதிலிருந்து ஒரு நாள் புதிய இனம் பிறந்தால், அந்த ஊருக்கு முதல் விதை இலவசமாக வர வேண்டும்.

எம்மவரிடமும் ஒரு வார்த்தை. பாலைப்பழக் காலத்தில் கொப்பை வெட்டி விழுத்திப் பழம் பறிக்கும் வழக்கம் நிற்க வேண்டும். வெட்டிய கொப்பு திரும்ப வளர்ந்து காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை கரடிக்கும் இல்லை, எமது பிள்ளைகளுக்கும் இல்லை.

மாவட்டத்தின் கமக்காரர் அமைப்புகளை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். வருகிற பெரும்போகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் உங்கள் குளத்தின் எந்தக் கரையில் காட்டு நெல் நிற்கிறது என்று பேசுங்கள். தோண்டாமல் விடக்கூடிய ஒரு துண்டைத் தெரிவுசெய்து, தீர்மானமாக எழுதி, உங்கள் கமநல சேவை நிலையத்திடம் கொடுங்கள். அதன் பிரதியை எமக்கும் அனுப்புங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அதை எழுப்புவது எமது பொறுப்பு.