உடம்பு பத்தலையா, ஆள் பத்தலையா?

கொச்சிக்கு மாற்றலாகி வந்து ஐந்து வருஷமாகிறது. நடுவில் பிராஞ்ச் மாறியது, வீடு மட்டும் மட்டாஞ்சேரியிலேயே. திருநெல்வேலியில் பி.காம். படித்து வங்கிக்கு வந்தவனுக்கு அதுவரை கிரிக்கெட்டே போதுமானதாக இருந்தது. கால்பந்து என்றால் உலகக் கோப்பை சமயத்தில் தூக்கம் கெட்டு நாலு மேட்ச் பார்ப்பதோடு சரி. இந்த ஊரில் அப்படியெல்லாம் இருக்க விடமாட்டார்கள். வந்த மூணாம் மாசமே என் பையன் மஞ்சள் சட்டை கேட்டான். ஆறாம் மாசம் நானும் ஒன்று வாங்கிவிட்டேன் :-)

வீட்டுப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கேரளா பிளாஸ்டர்ஸ் தோற்ற மறுநாள் காலையில் அங்கே போனால் ஒரே தீர்ப்புதான். "பிள்ளேர்க்கு பாடி இல்லா சாரே!" பையன்களுக்கு உடம்பு பத்தாதாம். இடித்தால் விழுகிறார்களாம், கடைசி பத்து நிமிஷம் வந்தால் கால் துவண்டுவிடுகிறதாம். நானும் தலையாட்டியிருக்கிறேன். ஒருநாள் ஒரு படி மேலே போய், "எல்லாம் தயிர் சாதம் கேஸ்" என்று சொல்லிக் கடையையே சிரிக்க வைத்தேன். நம்மைக் கிண்டல் பண்ணுகிற வார்த்தையை எடுத்து அடுத்தவன் மேல் போட்டதில் ஒரு அற்ப சந்தோஷம்.

அந்தத் தீர்ப்பு தப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம். பிளாஸ்டர்ஸ் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்துக்கு 2014, 2016, 2022 என்று மூன்று முறை போய் மூன்றிலும் தோற்றார்கள். உடம்பில்லாத டீம் மூன்று ஃபைனலுக்கு எப்படிப் போகும் என்ற கேள்வியை விடுங்கள். எப்படித் தோற்றார்கள் என்று பாருங்கள். 2014 டிசம்பரில் நவி மும்பையில் கொல்கத்தாவோடு ஆட்டம். தொண்ணூறு நிமிஷம் தாண்டி, காயத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் நேரத்தில் ஒரு கார்னர். முகமது ரஃபீக் தலையால் முட்டினார். கதை முடிந்தது. 2022 மார்ச்சில் கோவாவில் ஹைதராபாத்தோடு ஆட்டம். ராகுல் கே.பி. கோல் போட்டு பிளாஸ்டர்ஸ் முன்னிலையில் இருந்தார்கள். 88-வது நிமிஷத்தில் சாஹில் தவோரா சமன் செய்தார். பிறகு பெனால்டியில் 3-1 என்று தோல்வி.

ரஃபீக், தவோரா இரண்டு பேருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இருவருமே மாற்று ஆட்டக்காரர்கள். ஆட்டம் ஆரம்பித்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். களைத்துப்போன கால்களுக்கு எதிரே புதுக் கால்கள் வந்தன, அவ்வளவுதான். இதை நாம் "அவனுக்கு உடம்பு இருக்கு, நம்மாளுக்கு இல்லை" என்று படிக்கிறோம்.

அடுத்து 2023-24 சீசன். என்னைப் பொறுத்தவரை முழுக் கதையும் அதில் இருக்கிறது. இவான் வுகோமனோவிச் பயிற்சியாளர். டிசம்பர் முடிவில் 12 ஆட்டத்தில் 26 புள்ளிகள், அட்டவணையில் முதலிடம். கொல்கத்தாவிலேயே போய் மோகன் பகானை 1-0 என்று ஜெயித்த மிதப்பில் ஊரே இருந்தது. இடைவேளைக்குப் பிறகு மீதி 10 ஆட்டத்தில் எடுத்தது 7 புள்ளிகள். ஐந்தாம் இடத்துக்கு இறங்கி, பிளே ஆஃபில் ஒடிஷாவிடம் தோற்று வெளியே.

ஒரே சீசன், ஒரே டீம். டிசம்பரில் இருந்த உடம்பு பிப்ரவரியில் எங்கே போச்சு? ஆஸ்பத்திரிக்குப் போச்சு. கேப்டன் லூனாவுக்கு டிசம்பரிலேயே முழங்கால் போய்விட்டது. ஜனவரியில் பெப்ராவும் காயம். அடுத்தடுத்து இன்னும் சிலர். உள்ளே வர வேண்டியவர்கள் அந்த அளவுக்கு இல்லை. மிச்சம் இருந்தவர்கள் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்தார்கள்.

என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு பெரிய வாடிக்கையாளரை மட்டும் நம்பி நடக்கிற பிராஞ்ச் இது. அவர் கணக்கு ஒழுங்காக ஓடுகிறவரை மேனேஜர் கெட்டிக்காரர். அவர் படுத்துவிட்டால் பிராஞ்சும் படுத்துவிடும். அப்போது ஸ்டாஃப் எல்லாம் சோம்பேறிகள் என்று ரிப்போர்ட் எழுதுவது சுலபம். நல்ல காலத்திலேயே ரிசர்வ் எடுத்து வைக்கவில்லையே என்று எழுதினால் அது மேலே இருப்பவர்களைக் குத்தும். அதனால் யாரும் எழுதுவதில்லை.

மனசில் உரம் இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். அதே பிப்ரவரி மாசம் 25-ந் தேதி, தொடர்ச்சியாக மூன்று ஆட்டம் தோற்றுவிட்டு, கலூர் ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிராக இரண்டு கோல் வாங்கிப் பின்தங்கி, பிறகு நாலு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தார்களே, அது என்ன? பாதி டீம் காயத்தில் இருக்கும்போது இரண்டாவது பாதியில் நாலு கோல் போடுகிறவனை உரமில்லாதவன் என்று எப்படிச் சொல்வது?

எதிர்க்கட்சி வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கார்னரில் வாங்கிய கோல்கள் நிஜம். 2016 ஃபைனலில் கொச்சியிலேயே, முன்னிலையில் இருந்தபோது கொல்கத்தா சமன் செய்ததும் கார்னரில் வந்த தலைமுட்டுதான். ஆனால் கார்னரில் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்பது பயிற்சியில் வரும் விஷயம், புஜபலத்தில் வருவதில்லை. அதே மாதிரி 2024-25 சீசனில் எட்டாம் இடத்துக்குப் போனதையும் காயத்தின் மேல் மட்டும் போட முடியாது. 2024 டிசம்பரில் மோகன் பகானோடு 2-1 என்று முன்னிலையில் இருந்தவர்கள் 86-வது நிமிஷத்தில் ஒன்று, கூடுதல் நேரத்தில் ஒன்று வாங்கி 3-2 என்று தோற்றார்கள். இரண்டு நாளில் பயிற்சியாளர் ஸ்டாரே வீட்டுக்குப் போனார். அந்த ஆட்டத்தில் அவர்கள் வாங்கிய முதல் கோல், கோல்கீப்பர் கையிலிருந்து நழுவிய பந்து. கவனப் பிசகு அது. ஜிம்முக்குப் போனால் சரியாகிற வியாதி இல்லை.

ஸ்பெயின் 2010-ல் உலகக் கோப்பை ஜெயித்தபோது நடுவில் நின்ற சாவியும் இனியெஸ்டாவும் நம்ம ஊர் பஸ்ஸில் பக்கத்தில் நின்றால் திரும்பிப் பார்க்க மாட்டோம். ஃபைனலில் நெதர்லாந்துக்காரர்கள் மிதி மிதி என்று மிதித்தார்கள். 116-வது நிமிஷத்தில் கோல் போட்டது அந்தச் சின்ன உருவ இனியெஸ்டாதான்.

சரி, பேங்க்காரனுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். விஷயம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

பையனுக்குப் பதிமூன்று வயது. சாயங்காலம் ஒரு கோச்சிங் கேம்ப்பில் விளையாடுகிறான். ஒல்லி. போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் டோர்னமெண்ட். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு நான் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. கடைசி நிமிஷங்களில் ஒரு தடித்த பையன் இவனைத் தள்ளிவிட்டுப் போய் கோல் போட்டான். "உடம்பு பத்தாது சார், அடுத்த டீமில் பார்க்கலாம்" என்று அங்கே சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் நானும் அதையே சொன்னேன். தயிர் சாத ஜோக்கையும் சேர்த்து.

அவன் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் கேம்ப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும். என் மனைவி விசாரித்தபோதுதான் வந்தது. அன்றைக்கு அது மூணாவது மேட்ச். காலை ஒன்பதரையிலிருந்து ஏப்ரல் வெயிலில் ஓடியிருக்கிறான். மாற்றுவதற்கு வர வேண்டிய இரண்டு பையன்கள் வரவே இல்லை. "அப்பா கடைசி பத்து நிமிஷம்தானே பார்த்தா" என்றானாம்.

எனக்குச் சுருக்கென்றது. டீக்கடையில் உட்கார்ந்து நாங்கள் பண்ணுவதும் அதேதான்.

மட்டாஞ்சேரிக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. முன்பு கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. வேலைக்கான டோக்கன்களைக் கூட்டத்தில் வீசி எறிவார்கள். முட்டி மோதிப் பொறுக்குகிறவனுக்கு அன்றைக்குக் கூலி. அதற்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ல் இங்கே துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளிகள் செத்தார்கள். பலம் உள்ளவன் பொறுக்கட்டும் என்பது பார்க்க நியாயம் மாதிரி இருக்கும். வேலையை ஒழுங்காகப் பங்கு போட வேண்டியவன் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அது ஒரு வழி. பிள்ளைகளை உடம்பை மட்டும் பார்த்துப் பொறுக்குகிற இடங்களில் எனக்கு அந்த டோக்கன் சத்தம் கேட்கிறது.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இது ரொம்பவே பொருந்தும். இங்கே பாட்டி இல்லை, சித்தப்பா இல்லை, மாற்றி விட ஆள் இல்லை. நாமும் பிள்ளைகளும் முழு ஆட்டத்தையும் அதே காலோடு ஓடுகிறோம். சாயங்காலம் ஒருவர் தடுமாறினால், அவருக்குத் தெம்பில்லை என்று சொல்லும் முன் காலையிலிருந்து எத்தனை மேட்ச் ஆடினார் என்று கேட்கலாம்.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா" என்றான். நேற்றுதான் திரும்பக் கேம்ப்புக்குப் போனான். அடுத்த டோர்னமெண்டுக்குக் காலை ஒன்பது மணிக்கே நான் அங்கே இருப்பேன்.