தனித்துப் பாடியவர்கள்

கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டியும் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டியும் நம் பங்குகள் பலவற்றில் இசை விழா நடைபெறுவதுண்டு. பல வாரங்கள் ஒத்திகை பார்த்த பாடற்குழுவினர் வெள்ளுடை அணிந்து வரிசையாக வந்து நிற்பர். அவர்கள் பாடத் தொடங்குமுன் ஒருவர் ஒலிபெருக்கியின் முன் வந்து, தனிக்குரல் பாடுவோரை அவையோருக்கு அறிமுகம் செய்வார். இவர் இன்னாருடைய மகள், இவர் இந்தப் பள்ளியின் ஆசிரியர், இத்தனை ஆண்டுகளாக நம் ஆலயத்தில் பாடி வருகிறார் என்று ஆளுக்கு நாலு வார்த்தை. அவையோர் கை தட்டுவர். அத்துடன் அறிமுகம் முடிந்துவிடும்.

அந்த நாலு வார்த்தையைச் சொல்லும் பொறுப்பு, பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முறை எனக்கும் வாய்த்தது. என் கையில் கொடுக்கப்பட்ட தாளில் ஒரு பெயர் மட்டும் மையால் அடிக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி இறுதியில் சொல்லுகிறேன். அதற்கு முன் உங்களை வேறொரு இசை விழாவிற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்த மேடையில் தனித்துப் பாடியவர்களை இன்று நாம் அறிமுகம் செய்துகொள்வோம்.

இடம், அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளின். மீன் வணிகத்தால் பெயர் பெற்ற ஃபிஷாம்பிள் தெருவில் அப்பொழுதுதான் புதிதாகக் கட்டப்பட்டிருந்த இசை மண்டபம். நாள், 1742-ஆம் ஆண்டு ஏப்ரல் 13, செவ்வாய்க்கிழமை. அந்நாட்டார் அன்று கைக்கொண்டிருந்த பழைய நாட்காட்டியின்படி அது புனித வாரம். நண்பகல் வேளை. நம் பாடற்குழுவினர் இன்றும் எழுந்து நின்று பாடுகின்ற 'அல்லேலூயா' பல்லவியைத் தன்னகத்தே கொண்ட 'மெசியா' என்னும் பேரிசைப் படைப்பு, உலகில் முதன்முதலாக அரங்கேறிய நாள் அது.

இதனை இயற்றியவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஹாண்டெல். 1685-இல் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். லண்டனில் அவருடைய இத்தாலிய இசை நாடகங்களுக்கு ஆதரவு குன்றிப்போயிருந்த காலம் அது. சார்ல்ஸ் ஜென்னென்ஸ் என்பவர் விவிலியத்திலிருந்து தொகுத்துக் கொடுத்த சொற்களை வைத்து, 1741 ஆகஸ்டு 22-இல் தொடங்கி செப்டம்பர் 14-இல் முடித்தார். இருபத்து நான்கு நாட்கள்! பின்னர் அவ்வாண்டு நவம்பரில் டப்ளின் நகருக்கு வந்து சேர்ந்தார்.

அரங்கேற்றம் ஓர் அறப்பணிக்காக நடைபெற்றது. வருமானம் மூன்று பங்காகப் பிரிக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. முதற்பங்கு, கடன்பட்டுச் சிறையில் அடைபட்டோரை மீட்கும் சங்கத்திற்கு. இரண்டாவது, ஏழைகளுக்கான அறநிலை மருத்துவமனைக்கு. மூன்றாவது, மெர்சர் மருத்துவமனைக்கு. அக்காலத்தில் கடனைக் கட்டாதவனைச் சிறையில் தள்ளிவிடுவார்கள். சிறையிலிருப்பவன் சம்பாதிப்பது எங்ஙனம்? கடனைத் தீர்ப்பது எங்ஙனம்? யாராவது இரங்கிப் பணம் கட்டினாலன்றி அவனுக்கு விடுதலை இல்லை.

மண்டபத்தில் ஏறத்தாழ 600 பேர் அமரலாம். கூட்டம் அதிகம் வரும் என்று அறிந்த அமைப்பாளர்கள், சீமாட்டிகள் வளையம் வைத்து விரித்த பாவாடை அணியாமலும், கனவான்கள் இடையில் வாள் செருகாமலும் வருமாறு செய்தித்தாள் வழியாக வேண்டிக்கொண்டனர். இடம் மிச்சமாகுமன்றோ! அந்த வேண்டுகோளின் பயனாக 700 பேர் வரை உள்ளே நெருங்கி அமர்ந்தார்கள்.

இனி, பாடியவர்களைக் காண்போம்.

கூட்டுப் பாடல்களைப் பாடியவர்கள் டப்ளின் நகரின் இரு பேராலயங்களைச் சேர்ந்த பாடற்குழுவினர். ஒன்று புனித பத்திரீசியார் பேராலயம். மற்றொன்று கிறிஸ்து பேராலயம். அந்நாளில் அயர்லாந்தில் கத்தோலிக்கர் கடுமையான சட்டங்களின்கீழ் ஒடுக்கப்பட்டிருந்தனர். அவ்விரு பேராலயங்களும் அரசின் ஆதரவு பெற்ற ஆங்கிலிக்கன் திருச்சபையிடம் இருந்தன. புனித பத்திரீசியார் பேராலயத்தின் தலைமைக் குரு யாரெனில், 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜானதன் சுவிஃப்ட். முதுமையும் மனத் தளர்ச்சியும் அவரை வாட்டிய காலம். தம் பாடகர்கள் பிடில்காரர்களின் கூட்டத்திற்குச் சென்று பாடுவதா என்று சினந்து, முதலில் தடை விதித்துவிட்டார். பின்னர் தடை நீங்கியது, பாடகர்கள் வந்தார்கள்.

அவர்களுள் சிலர் தனிக்குரலும் பாடினார்கள். வில்லியம் லாம், ஜோசப் வார்டு ஆகிய இருவரும் ஆல்ட்டோ குரலில் பாடினர். ஜேம்ஸ் பெய்லி டெனர். ஜான் மேசன், ஜான் ஹில் ஆகியோர் பேஸ். இவர்களைப் பற்றி வரலாறு நமக்கு மிகுதியாக எதுவும் சொல்லவில்லை. பேராலயத்தில் நாள்தோறும் வழிபாட்டில் பாடிவந்த ஊழியர்கள். நம் ஊர்ப் பாடற்குழு அண்ணன்மார்களைப் போன்றவர்கள். புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர்களை வைத்தே லண்டனில் இசையமைத்துப் பழகிய ஹாண்டெல், இவர்களைக் குறைவாக மதிக்கவில்லை. டப்ளினிலிருந்து ஜென்னென்சுக்கு எழுதிய மடலில், இங்குள்ள டெனர் மனநிறைவு தருகிறார், ஆல்ட்டோவும் பேசும் மிக நன்று என்ற கருத்தில் மகிழ்ந்து எழுதினார். தனிக்குரல் பாடியவர்கள், தம் பாட்டு முடிந்ததும் வரிசையில் நின்று கூட்டுப் பாடலிலும் கலந்துகொள்வது அக்கால வழக்கம். தனித்து ஒலித்த குரல் மறு நிமிடமே பலரது குரலில் கரைந்துவிடும். நம் தனிப்பாடகர்களும் எண்ணிப் பார்க்கத் தக்க பழக்கம் இது!

பெண்களுள் முதல்வர் கிறிஸ்தினா மரியா அவோலியோ. இத்தாலியர், சோப்ரானோ. ஹாண்டெல் தாமே அழைத்து வந்தவர். டப்ளின் மக்கள் அவரைப் பெரிதும் விரும்பினார்கள் என்று அதே மடலில் காண்கிறோம். இரண்டாமவர் திருமதி மக்ளேன். ஓர் ஆர்கன் கலைஞரின் மனைவி. அவரது முதற்பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. பாடினார், பங்கேற்றார் என்பதே அவருக்குரிய வரலாறு. அது போதும்.

மூன்றாமவரைப் பற்றித்தான் சற்று நின்று பேச வேண்டும்.

அவர் பெயர் சூசன்னா சிபர். 1714-இல் லண்டனில் ஒரு மெத்தை, நாற்காலி வணிகரின் மகளாகப் பிறந்தார். தாயின் வழியில் கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர். அவருடைய அண்ணன் தாமஸ் ஆர்ன் பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளர்; லண்டனில் அயல்நாட்டுத் தூதரகச் சிற்றாலயத்தில் நடைபெற்ற கத்தோலிக்கத் திருப்பலிக்கும் இசையமைத்தவர். சூசன்னா 1734-இல் தியோஃபிலஸ் சிபர் என்ற நடிகரை மணந்தார். மனைவியின் வருமானத்தைக் கணவர் தம் ஊதாரிச் செலவிற்கு எடுத்துக்கொண்டார். பண வசதி படைத்த வில்லியம் ஸ்லோப்பர் என்பவரைத் தாமே வீட்டிற்குள் கொண்டுவந்து குடிவைத்தார். பின்னர், மனைவி அம்மனிதரோடு தவறான உறவு கொண்டுவிட்டார் என்று 1738-இல் வழக்குத் தொடுத்து, 5,000 பவுன் இழப்பீடு கேட்டார். கணவரின் உடந்தையை உணர்ந்த நடுவர் குழு அவருக்கு அளித்தது 10 பவுன் மட்டுமே. கணவர் அடியாட்களுடன் வந்து சூசன்னாவை வலுக்கட்டாயமாகக் கொண்டுசென்றதும், அண்ணன் போய் மீட்டதும் அக்காலத்து நிகழ்ச்சிகள். 1739-இல் மீண்டும் ஒரு வழக்கு.

வழக்கு மன்றத்தில் சாட்சிகள் கூறிய அந்தரங்கச் செய்திகளைச் சிறு நூலாக அச்சிட்டு விற்றார்கள். ஊரார் வாங்கிப் படித்துச் சிரித்தார்கள். கணவரின் பேராசையை விரைவில் மறந்தார்கள்; மனைவியின் பெயரை மட்டும் மறக்கவில்லை. சூசன்னா லண்டன் மேடையை விட்டு மறைந்தார். இரண்டாண்டுகளுக்கு மேல் ஒதுங்கியிருந்த பின்னர், 1741-இன் இறுதியில் டப்ளின் நகருக்கு நடிக்க வந்தார். அங்கேதான் ஹாண்டெல் அவரைத் தனிக்குரலுக்குத் தெரிந்துகொண்டார்.

குரல் வளத்திற்காகவா தெரிந்துகொண்டார்? அவருடைய குரல் மெல்லிய நூலிழை போன்றது, இசைப் பயிற்சியும் சிறிதே என்று சார்ல்ஸ் பர்னி என்னும் இசை வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். ஆயினும், சொல்லின் பொருளை உணர்ந்து பாடியதால் கேட்போர் நெஞ்சில் ஊடுருவினார் என்பதும் அவர் தந்த சான்றே. ஹாண்டெல் அருகிலிருந்து ஒவ்வொரு சுரமாக அவருக்குக் கற்பித்தார் என்பர். அவருடைய குரலின் எல்லைக்கு ஏற்பச் சில பாடல்களின் சுருதியையும் மாற்றிக்கொடுத்தார்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட பாடல் எது என்பதைக் கவனியுங்கள். இறைவாக்கினர் இசையாஸ் நூலின் 53-ஆம் அதிகாரத்தில் வரும் துன்புறும் ஊழியனைப் பற்றிய பாடல் அது. மனிதரால் இகழப்பட்டு, புறக்கணிக்கப்பட்டு, துயரத்தோடு பழகிப்போன ஆண்டவரைப் பற்றியது. இப்பாடலில் இடையிடையே இசைக்கருவிகள் அடங்கிவிடும். பாடுபவரின் குரல் மட்டும் துணையின்றி நிற்கும். ஊரால் இகழப்பட்ட ஒரு பெண், தன் கதையை அறிந்த 700 பேரின் முன், இகழப்பட்ட இயேசுவைப் பாடினாள்.

அவையில் பத்திரிக் டிலேனி என்னும் ஆங்கிலிக்கன் குரு அமர்ந்திருந்தார். சில மாதங்களுக்கு முன்னர்தான் மனைவியைப் பறிகொடுத்தவர். பாடலைக் கேட்டவர் தம்மை மறந்து எழுந்து, பெண்ணே, இதன் பொருட்டு உன் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்படுவதாக என்ற கருத்தில் உரக்கச் சொல்லிவிட்டார் என்று வழிவழியாகக் கூறி வருகிறார்கள்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஓர் இனிய பாடல் பாவத்தைக் கழுவிவிடும் என்று திருச்சபை போதிக்கவில்லை. திருமணம் ஒரு திருவருட்சாதனம்; அதன் புனிதம் எந்த இசையாலும் குறைவதன்று. சூசன்னாவும் அன்றோடு புனிதையாகிவிடவில்லை. இறுதிவரை ஸ்லோப்பருடனேயே வாழ்ந்தார். லண்டன் திரும்பி, துன்பியல் நாடகங்களில் ஒப்பற்ற நடிகையாக விளங்கி, 1766-இல் இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய ஆன்மக் கணக்கை அறிந்தவர் ஆண்டவர் ஒருவரே. பரிசேயன் சீமோன் வீட்டு விருந்தில் ஒருத்தி கண்ணீரால் இயேசுவின் பாதங்களை நனைத்தாள். அவள் எப்படிப்பட்டவள் என்பதைச் சீமோன் நன்கு அறிந்திருந்தான். அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் அவன் காணவில்லை. டிலேனி கண்டார். அவரது சிறப்பு அவ்வளவே.

அன்றைய வருமானம் ஏறத்தாழ 400 பவுன். மூன்று அறப்பணிகளுக்கும் தலைக்கு 127 பவுன் கிடைத்தது. ஹாண்டெல் தமக்கென ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. வயலின் கலைஞர் மேத்யூ டுபர்க்கும், இரு பாடற்குழுவினரும், அவோலியோவும், சூசன்னாவும் ஊதியம் பெறாமலே பங்கேற்றனர் என்று டப்ளின் செய்தித்தாள் நன்றியோடு எழுதியது. கடன் சிறையிலிருந்து 142 பேர் விடுதலை பெற்றனர். வீடு திரும்பிய அந்தத் தந்தையருள் ஒருவராவது, தம்மை மீட்ட பணம் யாருடைய குரலால் வந்தது என்று கேட்டிருப்பாரா? அந்தப் பாடகியின் நடத்தை எப்படி என்று விசாரித்திருப்பாரா?

இனி, நான் சொல்லுவதாகக் கூறிய அந்தத் தாளுக்கு வருகிறேன்.

அதில் அடிக்கப்பட்டிருந்த பெயர் ஒரு சகோதரியினுடையது. கணவன் அவரைக் கைவிட்டு வேறொருத்தியுடன் போய்விட்டான். தவறு செய்தவன் அவன். ஆயினும் ஊரின் முணுமுணுப்பு அவரைத்தான் சுற்றியது. வாழாவெட்டி முன்னால் நின்று பாடுவதா, நம் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருடைய தனிக்குரல் பாடல் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. யார் அடித்தது, ஏன் அடித்தது என்று நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எஞ்சிய பெயர்களைத் தெளிவாக வாசித்தேன், கைதட்டலும் பெற்றேன். அவர் அன்று பின்வரிசையில் நின்று கூட்டுப் பாடலில் மட்டும் பாடினார். அடுத்த ஞாயிறு முதல் பாடற்குழுவிற்கு வரவில்லை. ஆலயத்தில் கடைசி வரிசையில் அமர்ந்து, பாடாமல், திருப்பலி முடிந்ததும் எழுந்து போய்விடுவார். பின்னர் அக்குடும்பம் ஊரை விட்டே சென்றுவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிட்டவில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, பாடற்குழுப் பொறுப்பாளர்களே! விரைவில் உங்கள் பங்கிலும் இசை விழா நடைபெறலாம். தனித்துப் பாடுவோரின் பட்டியல் உங்கள் கைக்கு வரலாம். குரலைத் தேர்ந்தெடுங்கள், பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் கடமை. குருவின் அறிவுரை வேண்டிய இடத்தில் அவரிடம் கேளுங்கள். ஆனால் தெருப் பேச்சைக் கேட்டு ஒரு பெயரையும் அடிக்காதீர்கள். வேறு யாரேனும் அடித்திருந்தால், காரணம் என்ன என்று வாய்திறந்து கேளுங்கள். கேட்கத் தவறியவன் என்ற முறையில் இதனைச் சொல்லுகிறேன்.

பின்வரிசையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் ஒருவர் உங்கள் ஆலயத்திலும் இருக்கலாம். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரிடம் சென்று, அடுத்த வாரம் ஒத்திகைக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.