பதினாறில் எட்டு

"புதிய வழங்கி வந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று நண்பர்கள் சிலர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியைச் சற்றே கெடுப்பதற்காக இதை எழுதுகிறோம்.

விற்றவர் அனுப்பிய இளைஞர் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். நான்கு டெராபைட் வன்தட்டுகள் நான்கையும் ரெய்டு 0 முறையில் கோத்து, "பதினாறும் உங்களுக்கே சார்" என்றார். நான்கில் ஒன்று செத்தாலும் பதினாறும் போய்விடுமே என்று கேட்டோம். "புது டிஸ்க், போகாது" என்றார். வழங்கியின் மேலாண்மை இணைப்பையோ, விருந்தினருக்கான வைஃபை தொங்கும் அதே சுவிட்சில் செருகி, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையும் மாற்றாமல் விட்டிருந்தார். அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினோம். ஒரு வாரம் ஆயிற்று. "இதற்கு ஒரு வாரமா?" என்று கேட்டவர்களுக்கே இப்பதில்.

அதில் சேரப்போவது எது என்பதை முதலில் நினைவுகூர்வோம். திருப்பினாலே உதிரும் பழைய சிற்றிதழ்கள். பலவற்றை ஒரே முறைதான் வருட முடியும். இரண்டாம் முறைக்குத் தாள் இராது. ஏ4 அளவுப் பக்கமொன்றை 300 புள்ளி அடர்த்தியில், சுருக்காமல், வண்ணத்தில் வருடினால் 26 மெகாபைட். நூறு பக்க இதழுக்கு 2.6 கிகாபைட். எனவே இடத்தின் அருமை எங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் பதினாறில் எட்டை விட்டுக்கொடுத்து, எந்த இரண்டு தட்டுகள் பழுதானாலும் தாங்கும் ரெய்டு 6 முறையைத் தேர்ந்தோம். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்த தட்டுகள் ஒரே பருவத்தில் சாகக்கூடியவை. மாற்றுத் தட்டில் தரவை மீளக் கட்டும் நீண்ட மணி நேரங்களில்தான் இரண்டாவது தட்டும் மூச்சு வாங்கும்.

இவ்வளவும் செய்தபின், "அப்படியானால் தனிக் காப்பு எதற்கு?" என்று கேட்கிறார்கள். இக்கேள்விதான் எங்களுக்கு உண்மையான சினத்தை மூட்டுகிறது. ரெய்டு தட்டின் சாவுக்கு மருந்து. மனிதனின் பிழைக்கு அன்று. ஓர் அடைவைத் தவறுதலாக அழித்தால் எல்லாத் தட்டுகளிலும் அது அக்கணமே அழியும். பணயம் கேட்கும் நச்சுநிரல் பூட்டினாலும் அவ்வாறே. ஆகவே காப்புக்கென வேறொரு கணினி, வேறொரு வலையமைப்பில் இருக்கிறது. வழங்கி அதனிடம் கோப்புகளைத் தள்ளுவதில்லை. அதுவே வந்து இழுத்துக்கொள்கிறது. அதன் கடவுச்சொல் வழங்கியில் எங்கும் இல்லை. வழங்கிக்குள் புகுந்தவன் காப்புக்குள் புக அங்கே சாவி கிடைக்காது. வாசகருக்குப் பக்கங்களைக் காட்டும் மென்பொருளுக்கும் படிக்கும் உரிமை மட்டுமே. எழுதும் உரிமை இல்லை. மேலாண்மை இணைப்பு இணையத்துக்கு வழியே இல்லாத தனி விலானில் அடைபட்டுக் கிடக்கிறது. வெளியூரிலிருந்து நுழைய முடியவில்லை என்று முறையிட்ட அன்பர், முறைப்படி விபிஎன் வழியாக வரலாம்.

"இலக்கியக் குழுவை எவன் தாக்குவான்?" என்பது அடுத்த எள்ளல். 2017 மே மாதத்தில் பரவிய வான்னாகிரை, யார் எவர் என்று பார்த்தா நுழைந்தது? திறந்திருந்த ஓட்டையைப் பார்த்தது, அவ்வளவே. மாறாக, ஆளைப் பார்த்து வருவோரும் உண்டு. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தைத் தாக்கியவர்கள் சுமார் 600 கிகாபைட் தரவைக் கவர்ந்தனர், வழங்கிகளையும் சிதைத்தனர். நூலகப் பட்டியல் 2024 ஜனவரியில்தான், அதுவும் தேடுவதற்கு மட்டுமாக, மீண்டது. அவர்களிடம் மின்னாக்கத் தொகுப்புகளின் பத்திரமான படிகள் இருந்தன. மீட்டு வைக்கத்தான் உருப்படியான வழங்கிகள் இல்லை. பல்லாண்டுகளாக ஒட்டுப்போட்டு வளர்ந்த வலையமைப்பே ஊடுருவியவர்களுக்கு அத்தனை தூரம் இடம் கொடுத்தது என்று நூலகமே 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. மறைக்காமல் எழுதிய அந்நேர்மைக்கு எங்கள் வணக்கம். ஒட்டுப்போடும் பழக்கம் நமக்கும் உண்டு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

மூன்றாவது படி இன்னும் முடிவாகவில்லை. கம்பி எதிலும் மாட்டாத ஒரு தட்டு, மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, வேறு ஊரில் ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கவேண்டும். செலவு வேண்டாம் என்று வாதிட்டவர்களில் யாருடைய வீட்டில் அலமாரி காலியாக உள்ளது என்று இவ்வார இறுதிக்குள் தெரிவித்தால் நலம்.