பெண் புறப்படுகிறாள்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பெண் பி.காம். தேறியவள். உலகமெல்லாம் கிளை பரப்பிய ஒரு நிவாரண ஸ்தாபனத்தில் கிடங்குக் கணக்கு எழுதும் உத்தியோகம் கிடைத்திருக்கிறதாம். "தர்ம காரியத்துக்குச் சம்பளம் வாங்கலாமா? இவளைத் தூர தேசத்துக்கு அனுப்பலாமா?" என்று இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம், அம்மா. தாராளமாக வாங்கலாம். வெள்ளத்தில் அரிசி மூட்டை இறக்குகிறவனுக்கும் வயிறு இருக்கிறது.

இரண்டாவதைத்தான் கொஞ்சம் விஸ்தாரமாகப் பேச வேண்டும்.

உங்கள் ஊருக்குக் கிழக்கே சித்தேரி மலை. அதற்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கி. 1993-ல் டாக்டர் ரெஜியும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் அங்கே போய், ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அப்போது அந்தப் பக்கத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது காணாமலே போய்விடும். மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களையே கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. சேவை என்றதும் உங்கள் பெண்ணின் மனக்கண்ணில் தோன்றுவது இந்தக் காட்சியாகத்தான் இருக்கும். அங்கே நோயாளியின் பெயர் தெரியும். தாயார் பெயர் தெரியும்.

பெரிய ஸ்தாபனத்தில் அந்தப் பாக்கியம் பலருக்குக் கிடையாது. பசித்தவன் முகத்தை மாதக்கணக்கில் பார்க்காமலே அவனுக்காக உழைக்க வேண்டியிருக்கும். எத்தனை தார்ப்பாய் வந்தது, எத்தனை போயிற்று, கிழிந்தது எத்தனை? எங்கோ ஒருவர் கொடுத்த பணத்துக்கு ரசீது வேண்டுமே! இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்ட ஹென்றி துனான்டே 1867-ல் திவாலானவர்தான். இரக்கமுள்ளவர் பக்கத்தில் கணக்குத் தெரிந்த ஒருவர் இருப்பது நல்லது.

கணக்கைவிடக் கஷ்டமானது ஜாபிதா. முந்நூறு குடும்பம் நனைந்திருக்கும். கையில் இருப்பதோ இருநூறு பொட்டலம். கைக்குழந்தைக்காரி, விதவை, கால் ஊனமுற்றவர் என்று வரிசைப்படுத்தி இருநூறாவது பெயரில் கோடு கிழிக்க வேண்டும். இருநூற்றோராவது ஆள் நேரே மேஜைக்கு வந்து, "என் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் வரவில்லையா, தாயே?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். உங்கள் பெண் கிழித்த கோடும் நியாயம். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்காது.

இனி, உங்கள் வயிற்றைக் கலக்கப்போகிற விஷயம். மறைப்பது தர்மமில்லை.

இலங்கையில் திருகோணமலைக்கு அருகே மூதூர் என்று ஓர் ஊர். பசியை ஒழிப்பதற்காகப் பாரிஸில் தோன்றிய 'ஆக்ஸியோன் கோந்த்ர் லா ஃபாம்' என்ற பெரிய ஸ்தாபனம், சுனாமிக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் வேலை செய்து வந்தது. 2006 ஆகஸ்டில் அங்கே சண்டை மூண்டது. ஊழியர்கள் காரியாலயத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 4-ம் தேதி 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பாதுகாப்புப் படையினர்தான் கொன்றார்கள் என்று அந்த ஸ்தாபனம் 2013-ல் அறிக்கை வெளியிட்டது. அரசாங்கத் தரப்பு மறுத்தது. ஒருவரும் தண்டனை பெறவில்லை.

அந்தப் பதினேழு பேரில் வெள்ளைக்காரர் ஒருவருமில்லை. எல்லோரும் அந்த நாட்டிலேயே வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். உலகம் முழுவதும் நிவாரண வேலையில் உயிர் இழப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படி அந்தந்த நாட்டு ஊழியர்கள்தான். பத்திரிகையில் படம் வருவது என்னவோ வெளியிலிருந்து வந்தவருக்கு.

ஆகையால், அம்மா, போகாதே என்று தடுக்க வேண்டாம். இருபத்திரண்டு வயதுப் பெண் நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது தடுத்து என்ன ஆகப்போகிறது? சில கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம்? ஆபத்து வந்தால் இவளை அழைத்துவர வண்டி வருமா? அங்கே இவள் கீழ் வேலை செய்யும் உள்ளூர்க் கணக்குப்பிள்ளைக்கும் அந்த வண்டியில் இடம் உண்டா? இன்ஷூரன்ஸ் யார் கட்டுகிறார்கள்? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல ஸ்தாபனமாக இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லியிருப்பார்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இங்கிலீஷில் இருந்தால் பெண்ணையே உட்கார்த்தி வைத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.