புற்றுநோய்க் குளிசையும் நெஞ்செரிவு மருந்தும்

நெஞ்செரிவுக்கு எடுக்கும் ஒமெப்பிரசோல் பல நாடுகளில் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அதனால் அதை ஒரு மருந்தாகவே எம்மவர் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் வீட்டில் எடுக்கும் புற்றுநோய்க் குளிசைகள் சில, இரைப்பை அமிலத்தில்தான் நன்கு கரையும். அமிலம் குறைந்தால் மருந்து இரத்தத்தில் போதியளவு சேராது. ஒமெப்பிரசோலுடன் எடுக்கும்போது, நுரையீரல் புற்றுநோய்க்கான எர்லோட்டினிப் உடலில் சேரும் அளவு ஏறத்தாழ 46 சதவீதம் குறைகிறது. இரத்தப் புற்றுநோய்க்கான வழமையான டசாட்டினிப்பும் இவ்வாறே குறையும். ஒமெப்பிரசோலின் வேலை ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பதால், ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் எடுப்பது தீர்வாகாது. எல்லாக் குளிசைகளும் இப்படியல்ல. இமாட்டினிப்புக்கு இந்தப் பாதிப்பு இல்லை.

எமது கருத்தில், நோயின் பெயரை மறைக்கும் எங்கள் பழக்கமே இதில் பெரிய ஆபத்து. புற்றுநோய்க் குளிசையை வைத்தியசாலை தருகிறது. நெஞ்செரிவுக் குளிசையை மருந்துக்கடை விற்கிறது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கடையில் நாம் வாய் திறக்காவிட்டால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்?

எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரத்தக்கசிவைத் தடுக்கவும் அந்த மருந்து தரப்பட்டிருக்கலாம். வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு, இந்த வாரமே வைத்தியரிடம் காட்டுங்கள்.