மணப்பந்தலான மலைநாடு

மணவிழா மனையில் நிகழ்வது பழந்தமிழர் வழக்கு. மனையின் முன் பந்தரிட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, சுற்றத்தார்க்குச் சோறு வழங்கி, மங்கல மகளிர் மணமகளை நீராட்டிய செய்தியை அகநானூற்றின் 86ஆம் பாட்டிலும் 136ஆம் பாட்டிலும் விரிவாகக் காணலாம். பிற்காலத்தே மனையினின்று கோயிலுக்கும், கோயிலினின்று மண்டபத்துக்கும் மணம் பெயர்ந்தது. இன்றோ மண்டபமும் போதாதென்று கடல் சூழ்ந்த தீவுகளும் பனி மூடிய மலைகளும் மணக்களங்களாகின்றன. வணிக உலகத்தார் இதனை 'டெஸ்டினேஷன் வெடிங்' என்பர். பிறந்த ஊரும் அன்றி, புகுந்த ஊரும் அன்றி, அழகு ஒன்றே கருதித் தேர்ந்த ஓரிடத்திற் செய்யும் மணமாதலின், இக்கட்டுரையில் இதனைத் 'தேர்விட மணம்' என வழங்குவேன்.

இவ்வழக்கம் நம்மவரிடையே பரவிய வரலாறு நெடியதன்று. 2017 டிசெம்பரில் துடுப்பாட்ட வீரர் விராட் கோலி, நடிகை அனுஷ்கா சர்மா ஆகியோரின் மணம் இத்தாலி நாட்டின் டஸ்கனியில் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் தீபிகா படுகோனும் ரண்வீர் சிங்கும் அந்நாட்டுக் கோமோ ஏரிக்கரையில் மணந்தனர். 2024இல் அம்பானி குடும்பத்தார், மும்பாயில் ஜூலைத் திங்கள் நிகழவிருந்த மணத்துக்கு முன்விருந்தாக, மத்தியதரைக் கடலிற் கப்பலையே மாளிகையாக்கினர். படங்கள் வீடுதோறும் புகுந்தன; அவற்றோடு ஆசையும் புகுந்தது. மணமக்களின் பெயர், விருப்பம், காதற்கதை அனைத்தையும் வண்ணமாகவும் அலங்காரமாகவும் மாற்றித் தருவோம் என்று விழா அமைப்போர் அழைக்கின்றனர். மால்ற்றா, சைப்பிரசு, சந்தோரினி முதலிய தீவுகளின் பெயர் நடுத்தரக் குடும்பத்தார் பேச்சிலும் அடிபடுகின்றது.

செல்வர் தம் மணத்தை வெளிநாட்டிற் செய்வதேன் என்று இந்தியப் பிரதமர் 2023 நவம்பரில் தம் வானொலி உரையில் வினவினார். நாட்டுப் பொருள் வெளியே செல்கின்றதே என்பது அவர் கவலை. அப்பொருள் நம்பால் வாராதா என்பது இலங்கையின் விழைவு. 2024இல் இந்நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 20 இலட்சத்தைக் கடந்தனர். அவருள் இந்தியரே முதலிடத்தர். ஆகவே, மத்தியதரைத் தீவுகளோடு போட்டியிடும் மணக்களமாக நம் தீவும் முன்வைக்கப்படுகின்றது. கடற்கரைக்கு அடுத்தபடியாக அதற்கென எடுத்துக் காட்டப்படுவது நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் தேயிலை மலை. எனவே இது செல்வர் வீட்டுச் செய்தி மட்டுமன்று, மலைநாட்டுச் செய்தியுமாகும்.

குறிஞ்சியும் கூடலும்

குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல் என்பது மாணாக்கர் யாவரும் அறிந்தது. காதலர் கூடுதற்கு மலையே தக்க இடமெனக் கண்டவர் நம் முன்னோர். இக்கால விழா அமைப்போர் இலக்கணம் கற்றாரல்லர். எனினும் அவர் கண்ணும் மலைமேலேயே சென்று படிந்தது வியப்பன்று.

இடங்களும் ஆயத்தமாகவே உள்ளன. கந்தப்பளையில் இருந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் விடுதியாயிற்று; பழைய இயந்திரங்கள் அங்கே காட்சிப் பொருள்களாக நிற்கின்றன. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த துரைமார் பங்களாக்கள் சில 2005 முதல் விருந்தினர் மாளிகைகளாயின. தேசாதிபதி பார்ன்ஸ் தமக்கெனக் கட்டிய மனை நுவரெலியாவின் பெருவிடுதியாகி நெடுங்காலமாயிற்று. புல்வெளியும் பூம்பாத்தியும் பின்னே பச்சைச் சரிவுமாக அமைந்த இவை போன்ற இடங்களுக்கு மேடையலங்காரமே மிகை.

அழகு இருப்பினும் திட்டம் வேண்டும். ஹற்றன் பக்கத்து மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பொழியும். ஏப்பிரலில் நுவரெலியா வசந்தகாலக் கூட்டத்தால் நிரம்பி வழியும். சனவரியில் இரவுக் குளிர் உறைபனியளவும் இறங்குவதுண்டு. விடியற்கால முகூர்த்தம் குறிப்போர் பஞ்சாங்கத்தோடு மூடுபனியையும் பார்த்தல் நன்று. மல்லிகை இக்குளிர்மலைக்கு உரியதன்று, கீழிருந்து வரவேண்டும். மலையில் மலரும் பூவைக் கொண்டு மாலை தொடுப்போமே என எண்ணுவார், செலவைக் குறைப்பதோடு அவ்விடத்துக்கு உரிய அழகையும் பெறுவர்.

இடம் தேடுதல் குற்றமா?

பழமை பேசுவோர் சிலர் இவ்வழக்கம் முழுவதையும் பழிப்பர். யான் அவ்வாறு பழியேன். தம் மணம் எவ்வாறு நிகழவேண்டும் என்று மணமக்களே சிந்திப்பது நன்று. மணமகள் குனிந்த தலை நிமிராதிருக்க, மணமகனும் வாய் திறவாதிருக்க, இரு வீட்டுப் பெரியோர் தம் பெருமையை நிறுத்துப் பார்த்த மணங்கள் பல. அவற்றினும், எண்ணி அழைத்த ஐம்பது பேர் முன்னிலையில் இருவர் மனமொத்து மாலை மாற்றும் மணம் எவ்வகையிலும் குறைந்ததன்று.

மேலும், வேற்றிடம் சென்று மணத்தல் சிலர்க்கு ஆடம்பரமன்று, புகலிடம். சமயச் சார்பற்ற பதிவுமணம் செய்துகொள்ளத் தம் நாட்டில் வழியில்லாமையால் இஸ்ரவேலிலிருந்தும் லெபனானிலிருந்தும் காதலர் சைப்பிரசுக்குச் சென்று அந்நகராட்சிகளிற் பதிவு செய்து மீள்கின்றனர். மத்தியதரைக் கடலின் அத்தீவு அவர்க்கு அழகினால் அன்று, உரிமையினால் இனியது. நம் அகப்பாடல்களும் உடன்போக்கை அறமெனவே கொண்டன. தமர் மறுத்தவிடத்துத் தலைவனொடு சுரம் கடந்த தலைவியும் இடம் தேடிச் சென்றவளே.

ஆதலின் இடம் தேடுதல் குற்றமன்று. தேடிய இடத்தை எவ்வாறு நோக்குகின்றோம் என்பதே வினா.

தமிழர் மணத்தில் மணமக்கள், பெற்றோர், சுற்றத்தார் ஆகியோரோடு நான்காம் தரப்பு ஒன்று உண்டு; அதுவே ஊர். பந்தற்கால் நடுவதற்கும், வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்கும், மொய் எழுதுவதற்கும், நாளை ஒரு பூசல் நேரின் சான்று சொல்வதற்கும் ஊர் வேண்டும். தேர்விட மணத்தில் இடம் உண்டு; ஊர் இல்லை. அங்கு வாழ்வோர் பந்திக்கு அழைக்கப்படுவதில்லை, படத்துக்கே அழைக்கப்படுகின்றனர். மணமக்களின் பின்னே கூடை சுமந்து கொழுந்து கொய்யும் பெண்கள் சிரித்து நிற்கவேண்டும். பல தோட்டங்களிற் கூடை போய்ப் பை வந்துவிட்டது. ஆயினும் படத்துக்குக் கூடைதான் வேண்டுமாம்! மணமக்களுக்கு எல்லாம் தனித்தன்மையோடு அமைகின்றன. மலையில் வாழ்வோர்க்கோ பெயரும் இல்லை.

மலைமக்களின் மணம்

அப்பெயரற்றோர்க்கும் மணம் உண்டு, மணமரபும் உண்டு. மாசித் திங்களில் காமன் ஊன்றி, மதனுக்கும் இரதிக்கும் மணம் முடித்து, சிவன் நெற்றிக்கண்ணால் மதன் எரிவதையும் பின் உயிர்த்தெழுவதையும் ஆடிக்காட்டும் காமன் கூத்து, தோட்டம் முழுவதும் கூடிச் செய்யும் மணவிழாவே. தோட்டத்து மக்களே பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாருமாவர். தப்பு முழங்கும், பாட்டு எழும். வண்ணமும் தனித்தன்மையும் நாடி மலைக்கு வருவோர், மலையின் மிக வண்ணமான மணம் தம் விடுதிக்கு எதிர்ச்சரிவில் நிகழ்வதை அறியாதே மீள்கின்றனர்.

இம்மக்களின் மணவாழ்வை அரசியலும் எரித்ததுண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என விட்டது. எண்கள் இவ்வாறு பிரிந்தபோது குடும்பங்களும் பிரிந்தன. பெண்கொடுத்த வீடு ஒரு நாட்டிலும் பெண்ணெடுத்த வீடு மறுநாட்டிலும் ஆயின. தலைமன்னாருக்கு அவரை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். இந்திய விருந்தினர் விரும்பிக் காணும் சீத்தாஎலியவில் சீதையின் பிரிவைச் சொல்லக் கோயில் உண்டு. 2024 மேயிற் குடமுழுக்கும் கண்டது. கோச்சியிற் பிரிந்தோர்க்குக் கோயில் இல்லை. குறிஞ்சியின் உரிப்பொருள் பிரிவாய் மாறிய கொடுமையை எந்த இலக்கணமும் எதிர்பார்த்ததன்று.

இன்றைய நிலையைக் காண்போம். நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தவும், வரவுக்கென அரசு 200 ரூபா தரவும் 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. இரண்டும் குறைவின்றிக் கிடைத்து, திங்களில் 25 பேர் விழுந்தாலும் 43,750 ரூபாதான். கொழுந்தின் நிறை குறைந்தால் அது அரைப்பேராய்விடும் என்பதைத் தோட்டத்தார் அறிவர். இவ்வூதியத்தில்தான் மகள் மணத்துக்குத் தோடும் பட்டும் பந்தியும் எண்ணப்படுகின்றன.

மணம் முடிந்தபின் மணமக்கள் செல்லும் இடம் யாது? பெரும்பாலும் அதே லயம், அதே காம்பரா. பெற்றோர், தம்பி தங்கையர், புதுமணத் தம்பதியர் யாவரும் ஒரு கூரைக்கீழ். இடையே ஒரு சேலைத் திரை. இங்கேதான் செய்தியின் முள் இருக்கின்றது. நிலம் அரசினது, 1992 முதல் தோட்டங்கள் கம்பனிகளின் பொறுப்பில் உள்ளன. துரை பங்களா விருந்தினர் மாளிகையாக மாறலாம். தொழிற்சாலை விடுதியாக மாறலாம். லயத்தில் வாழும் தொழிலாளி தன் மகனுக்கு மணம் முடித்து, ஓர் அறை கூட்டிக் கட்ட எண்ணினால் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும். ஒருநாள் மணத்துக்கு மலை முழுவதும் திறந்திருக்கின்றது. வாழ்நாள் மணத்துக்கு ஓர் அறை திறக்கவில்லை.

முயற்சி நிகழவில்லை என்று கூறேன். இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்பது கொள்கையாயிற்று. ஆயினும் தேவையின் முன் செய்தது சிறிது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலில் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர்; மண்சரிவால் மலைநாடு பெருந்துயர் உற்றது. படங்களிற் பச்சைப் பட்டெனத் தோன்றும் சரிவு, அதன் அடியில் உறங்குவோர்க்கு அச்சம் என்பதை அன்று யாவரும் கண்டோம்.

செய்யத்தக்கன

மணவிருந்தினர் வரவேண்டாம் என்பது என் முடிபன்று, வரட்டும். வருவோர் மலைமக்களைத் தம் மணத்தின் ஊராராகக் கொள்ளட்டும். நாதசுவரக் கலைஞரையும் தப்பிசைப்போரையும் சமையற்காரரையும் பூக்கட்டுவோரையும் அவ்வட்டாரத்திலேயே தேடி, கொழும்பிற் கொடுக்கும் ஊதியத்தையே கொடுக்கட்டும். உழைக்கும் பெண்களைப் படத்துக்கு நிறுத்த வேண்டின் முதலில் கேட்கட்டும், மறுத்தால் விடட்டும், இசைந்தால் அந்நேரத்துக்கு உரிய பொருளைக் கொடுக்கட்டும். ஏனெனில் அவர் இழக்கும் ஒரு நாழிகை, பேரை அரைப்பேராக்கவல்லது.

அரசின் கடன் இதனினும் பெரிது. 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டப்படி விடுதிகள் செலுத்தும் அபிவிருத்தி வரி ஒன்று உண்டு. மலைநாட்டு விடுதிகளிலிருந்து பெறுவதில் ஒரு கூறு அம்மலையின் வீட்டுக்கும் வழிக்கும் செலவாகுமாறு ஒதுக்குதல் முறை. பங்களாவை விடுதியாக்க இசைவு தரும்போது, அத்தோட்டத்து லயங்களுக்கு உறுதியான நிலத்தில் வீட்டுக்காணி அளிப்பதையும் அவ்விசைவின் கட்டளையாக்கலாம். மணப்பதிவோடு வீட்டுறுதியும் ஒரு புதுத்தம்பதியர் கையிற் சேருமாயின், அதனிற் சிறந்த சீர்வரிசை வேறில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணாக்கர்க்கும் ஒன்று கூறுவேன். படங்கண்டு மயங்கி, கடன்பட்டு மண்டபமும் வண்ணவிளக்கும் தேடும் போக்கு தோட்டப் பிள்ளைகளிடையேயும் வளர்கின்றது. கற்ற இளைஞர் தம் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்றிலில், ஊர் சூழ, கடனின்றி மணந்து காட்டுவாராயின் பிறரும் துணிவர். பாட்டன் பாட்டியர் மணக்கதைகளை எழுதி வைக்குமாறு வகுப்புகளிற் பயிற்றலாம். கோச்சியிற் பிரிந்த மணங்களும் அவற்றுள் அடங்கும்.

அகநானூற்றுப் புலவர் மணக்களத்தைப் பாடியபோது இடத்தின் அழகை மட்டும் பாடவில்லை. அங்கே உண்ட சுற்றத்தையும், நீர் சொரிந்து வாழ்த்திய மகளிரையும் சேர்த்தே பாடினர். மணத்தை மணமாக்குவது அதுவே. மலைநாட்டை மணப்பந்தலாக்க விரும்புவோர், பந்தலைத் தாங்கி நிற்கும் கால்கள் எவருடையன என்று முதலிற் கேட்பாராக.